ஏடும் காடும் ஒத்திருத்தல் வேண்டும்

நிலக் கணக்கு கணினியில் ஏறும்போது நேரும் பிழைகளும், அவற்றைக் கண்டு திருத்தும் முறையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. இன்றோ அம்மொழியைச் சற்றுத் திருப்பியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கொடியில் காய்த்துத் தொங்கும் சுரைக்காயும் ஏட்டில் இடம் பெறாவிடில் அதனை விளைவித்தவருக்கு முழுப் பயன் தருவதில்லை. சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குக் காய்கறி கொண்டு வரும் குடியானவரிடம் அடையாள அட்டை இருத்தல் வேண்டும். அவ்வட்டைக்கு ஆதாரம் அவர் பயிரிடும் நிலம். அந்நிலத்திற்கு ஆதாரம் கிராமக் கணக்கு. கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க் கடனும், பயிர்க் காப்பீடும், மத்திய அரசு 2019-ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக அளித்து வரும் பிரதம மந்திரி கிசான் உதவித் தொகையும் அக்கணக்கையே நம்பி நிற்கின்றன. அக்கணக்கு இப்போது கணினியில் இருக்கிறது.

கணினி வந்ததால் நமக்கு விளைந்த நன்மைகள் பல. சிட்டா நகல் ஒன்றுக்காக நாள் முழுதும் தாலுகா அலுவலகத்தில் காத்திருந்த காலம் மலையேறிவிட்டது. எனினும், “என் காடு ஐந்து தலைமுறையாக என் வசத்தில் இருக்கிறது, கணினியிலோ வேறொருவர் பெயர் வருகிறது” என்றும், “இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறேன், சங்கத்தில் முக்கால் ஏக்கர்தான் என்கிறார்கள்” என்றும் குறை கூறுவோரை நாம் ஒவ்வோர் ஊரிலும் காண்கிறோம். இக்குறைகள் எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றை எவ்விதம் கண்டறிவது, எங்கே திருத்துவது என்பனவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் குடியானவர்களும் அறிந்துகொள்ளுமாறு இங்கே விளக்க முற்படுகிறோம்.

பிழை எங்கே பிறக்கிறது?

ஒரு குடும்பம் பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டிற்குக் குடி பெயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய வீட்டில் முதற்பானையில் கம்பும், இரண்டாவதில் சோளமும், மூன்றாவதில் கொள்ளும் இருந்தன. புதிய வீட்டிலோ பானைகளின் வரிசை வேறு. எந்தப் பானைத் தானியம் எந்தப் பானைக்குச் செல்ல வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கூலியாளிடம் கொடுக்கிறோம். அப்பட்டியலில் ஒரு வரி மாறினால் கொள்ளுப் பானையில் சோளம் போய்ச் சேரும். தானியம் கெடவில்லை, பானையும் உடையவில்லை. ஆனாலும் கொள்ளு வேண்டிக் கை விட்டவருக்குச் சோளமே கிடைக்கும்.

கணினிக் கணக்கிலும் நிகழ்வது இதுவே. ஓர் அலுவலகத்தின் கணக்கை மற்றோர் அலுவலகத்தின் மென்பொருளுக்கு மாற்றும்போது, இங்குள்ள எந்தக் கட்டம் அங்குள்ள எந்தக் கட்டத்திற்கு ஈடு என்று முதலில் ஒரு பொருத்தப் பட்டியல் வகுக்கப்படுகிறது. பெயர், தகப்பனார் பெயர், கிராமம், புல எண், உட்பிரிவு, விஸ்தீரணம், தீர்வை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. பட்டியல் பிழையாயின், கணினி சிறிதும் தயங்காமல் அப்பிழையை ஆயிரம் பதிவுகளிலும் ஒன்று போலவே செய்து முடிக்கும். மனிதன் கணக்கு எழுதினால் ஓரிடத்தில் தவறுவான். கணினிக்குக் கொடுத்த பட்டியல் தவறினால் ஊர் முழுதும் தவறும்.

நம் நிலக் கணக்கு பல வீடுகள் மாறி வந்த கணக்கு என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும். ரயத்துவாரி முறையில் புலம் புலமாக அளந்து எழுதப்பட்ட பழைய பதிவேடுகள் ஏக்கரிலும் செண்டிலும் இருந்தன. 1979-ஆம் ஆண்டு முதல் 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. மக்கள் இதனை யு.டி.ஆர். என்றே அழைப்பர். அத்திட்டத்தின்போது பட்டாதாரர் பெயர்களும் உட்பிரிவுகளும் புதிதாக எழுதப்பட்டன. அது நடந்துகொண்டிருந்த 1980-ஆம் ஆண்டிலேயே பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. எந்த இட்டேரிக்கு எந்தப் புறம் யார் காடு என்பதை மனப்பாடமாய் அறிந்திருந்த மணியகாரரும் கணக்குப்பிள்ளையும் விலக, கிராம நிர்வாக அலுவலர்கள் பொறுப்பேற்றனர். அப்பதிவேடுகளே பின்னர்க் கணினியில் ஏற்றப்பட்டு, இன்று ‘தமிழ் நிலம்’ என்னும் மென்பொருளில் உள்ளன. ஆகவே, கணினியில் காணும் பிழை யாவும் கணினியில் பிறந்தவை அல்ல. நாற்பது ஆண்டுக்கு முன் தாளில் பிறந்து, கணினியில் குடியேறியவையும் அவற்றுள் உண்டு. எது எங்கே பிறந்தது என்று அறிவதே திருத்தத்தின் முதற்படியாகும்.

ஐவகைப் பிழைகள்

முதலாவது, அளவுப் பிழை. பத்திரத்தில் ஏக்கர், செண்ட். சிட்டாவில் ஹெக்டேர், ஏர். ஒரு ஹெக்டேர் என்பது 100 ஏர். ஏறத்தாழ 2 ஏக்கர் 47 செண்ட். ஒரு ஏர் ஏறத்தாழ இரண்டரை செண்டுக்குச் சமம். இரண்டு ஏக்கர் நிலம் சிட்டாவில் 0-81.00 என்று காணப்படும். இதில் 81 என்பது ஏர் என்று அறியாமல் செண்ட் என்று கொண்டு வேறொரு கணக்கில் ஏற்றினால், இரண்டு ஏக்கர்க்காரர் ஒரு ஏக்கருக்கும் குறைந்த நிலமுடையவராகிவிடுவார். பயிர்க் கடன் ஏக்கர் கணக்கில் வரையறுக்கப்படுவதால், அவருக்குக் கிடைக்க வேண்டிய கடனில் பாதிக்கு மேல் குறைந்துவிடும். இத்தகைய தவறு நம்மவர்க்கே உரியதன்று. செவ்வாய்க் கிரகத்தை ஆராய 1998 டிசம்பரில் அமெரிக்கா அனுப்பிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்னும் விண்கலம், 1999 செப்டம்பர் 23 அன்று அக்கிரகத்தை நெருங்கியபோது அழிந்தது. விசையின் அளவை ஒரு குழுவினர் பவுண்டுக் கணக்கில் தர, மற்றொரு குழுவினர் அதனை மெட்ரிக் கணக்கென்று கொண்டதே காரணம். வானத்துக் கலத்திற்கு நேர்ந்தது நம் வயலுக்கும் நேரக்கூடும்.

இரண்டாவது, எண் பிழை. பழைய புல எண் ஒன்று, யு.டி.ஆர். காலத்தில் வேறு உட்பிரிவாகியிருக்கலாம். நம் கொங்கு நாட்டுப் பத்திரங்களில் ‘க.ச. இத்தனாம் நெம்பர் காலை’ என்று எழுதும் வழக்கம் உண்டு. அவ்வெண் பழையதா, புதியதா என்று நோக்காமல் கணினியில் தேடினால் முற்றிலும் வேறான காடு தோன்றும். ‘அ’ பதிவேட்டில் பழைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. அவற்றைப் பார்த்தே ஒப்பிடுதல் வேண்டும். ஓர் ஊர் நகரத்தோடு சேர்ந்து நகர நில அளவை நடைபெற்றுவிட்டால் வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று எண்ணின் அமைப்பே மாறிவிடும். 12/1 என்பதிலுள்ள கோடு விடுபட்டு 121 என்றாவதும், 2-ஏ என்பதும் 2-அ என்பதும் இரு வேறு உட்பிரிவுகளாகக் கொள்ளப்படுவதும் இவ்வகையைச் சேர்ந்தனவே.

மூன்றாவது, ஊர்ப் பிழை. வருவாய்க் கிராமம் வேறு, பஞ்சாயத்து வேறு, பத்திரப் பதிவுத் துறையின் கிராமம் வேறு. சிங்காநல்லூரையே எடுத்துக்கொள்வோம். நகராட்சியாக விளங்கிய இவ்வூர், 1981-ஆம் ஆண்டு கோயமுத்தூர் மாநகராட்சி அமைந்தபோது அதனோடு இணைந்தது. ஆயினும் சிங்காநல்லூர் என்னும் பெயரில் சார்பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. சட்டமன்றத் தொகுதியும் இருக்கிறது. இவற்றின் எல்லைகள் ஒன்றல்ல. “சிங்காநல்லூர்” என்று ஒரு கட்டத்தில் எழுதியிருந்தால், அது எந்தச் சிங்காநல்லூர் என்று மற்றைய மென்பொருள் எவ்வாறு அறியும்? மேலும், பழைய கோவை மாவட்டத்திலிருந்து 1979-இல் பெரியார் மாவட்டமும் (இன்றைய ஈரோடு), 2009-இல் திருப்பூர் மாவட்டமும் பிரிந்தன. மாவட்டமும் வட்டமும் பிரியும்போது கிராமத்தின் குறியீட்டெண்ணும் மாறுகிறது. பழைய குறியீட்டோடு ஒரு துறையும் புதிய குறியீட்டோடு மற்றொரு துறையும் இருப்பின், குடியானவரின் நிலம் எந்த ஊரிலும் இல்லாத நிலமாகிவிடும்.

நான்காவது, பெயர்ப் பிழை. பத்திரத்தில் இராமசாமிக் கவுண்டர்; சிட்டாவில் ராமசாமி; ஆதாரில் தலைப்பெழுத்துடன் வேறு விதம். மூவரும் ஒருவரே என்பதை ஊர் அறியும், கணினி அறியாது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி, அதனை மீண்டும் தமிழாக்கும்போது ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வள்ளி வல்லியாகிறாள், பழனி பலனியாகிறான். தகப்பனார் பெயருக்குரிய கட்டத்தில் கணவர் பெயர் ஏறிவிடுவதும் உண்டு. பெண்மக்களின் பட்டாக்களில் இது கவனித்துப் பார்க்க வேண்டியதொன்று.

ஐந்தாவது, வகைப் பிழை. நஞ்சை புஞ்சையாகவும், பட்டா நிலம் புறம்போக்காகவும், புறம்போக்கு பட்டாவாகவும் பதிவாதல். இதனால் தனி ஒருவருக்கு மட்டுமன்றி ஊருக்கே கேடு விளையும். நொய்யலிலிருந்து குளத்திற்கு நீர் கொணரும் வாய்க்காலும், காட்டுக்குச் செல்லும் இட்டேரியும், மந்தையும் தனிப் பட்டாவில் சேர்ந்துவிட்டால், பின்னொரு நாள் வேலி விழுந்த பிறகே ஊரார் விழித்துக்கொள்வர்.

கண்டறியும் முறை

மருத்துவர் நோய் நாடி, நோய் முதல் நாடிப் பின்னர் மருந்தளிப்பது போல, இங்கும் வரிசையாகச் செல்லுதல் நலம்.

முதலில் ஆவணங்களை ஒருங்கே சேர்க்க வேண்டும். கிரையப் பத்திரம், அதன் மூலப் பத்திரம், பழைய பட்டா, ‘அ’ பதிவேட்டு நகல், சிட்டா, புலப்பட நகல், வில்லங்கச் சான்று, ஆதார் அட்டை ஆகியவை போதுமானவை. சிட்டாவையும் ‘அ’ பதிவேட்டையும் அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையிலும், பொதுச் சேவை மையங்களிலும் பெறலாம்.

அடுத்து, ஒரு முழுத் தாளில் கட்டம் வரைந்து, மேலிருந்து கீழாக ஆவணங்களைக் கால வரிசையில் எழுத வேண்டும். இடமிருந்து வலமாகக் கிராமம், புல எண், உட்பிரிவு, அளவு, வகை, பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர் என்று எழுத வேண்டும். அளவுகளை ஒரே முறையில், அதாவது ஹெக்டேரிலோ ஏக்கரிலோ, மாற்றி எழுதிக்கொள்ளல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு கட்டமாக மேலிருந்து கீழே பார்த்து வந்தால், எந்த ஆவணத்தில் முதன்முதலாக வேறுபாடு புகுந்தது என்பது கண்ணுக்குப் புலப்படும். பிழை பிறந்த இடம் அதுவே.

மூன்றாவது, கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு புலத்தின் உட்பிரிவுகளின் மொத்தம் அப்புலத்தின் மொத்த அளவிற்குச் சமமாக இருத்தல் வேண்டும். ஐந்து ஏக்கர் புலம் ஒன்று 2-02.50 ஹெக்டேர் என்று கொள்வோம். அதன் உட்பிரிவுகள் 0-81.00, 0-81.00, 0-40.50 என்றிருந்தால் மொத்தம் சரி. மூன்றாவது உட்பிரிவு 0-04.05 என்று பதிவாகியிருந்தால், புள்ளி இடம் பெயர்ந்தது கூட்டலிலேயே வெளிப்பட்டுவிடும். கூட்டல் ஒத்திருந்தும் நிலம் மாறியிருந்தால், இரு உட்பிரிவுகளின் பெயர்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருத்தல் கூடும். புலப்படத்தையும் காட்டையும் நேரில் ஒப்பிட்டே அதனை அறிய இயலும்.

நான்காவது, அண்டை அயலாரைக் கேட்க வேண்டும். இது மிக முக்கியமானது. பிழை ஒரு பட்டாவில் மட்டும் இருந்தால், அது எழுதியவரின் கைப்பிழை. அதே புலத்தில் அனைவருக்கும் இருந்தால், உட்பிரிவில் குழப்பம். ஊர் முழுவதற்கும் ஒரே விதமாக இருந்தால், பொருத்தப் பட்டியலே தவறு என்று துணியலாம். அந்நிலையில் நூறு குடியானவர் நூறு மனுக்கள் கொடுத்துத் தனித்தனியே அலைவது வீண். பஞ்சாயத்து மன்றமே தீர்மானம் இயற்றி, பத்துப் பதினைந்து பதிவுகளை மாதிரியாக இணைத்து, மாவட்ட ஆட்சியருக்கு எழுதுதல் முறையாகும்.

எங்கே திருத்துவது?

பாய்ச்சல் நீர் கலங்கி வந்தால் கடைமடையில் நின்று துணியால் வடிகட்டுவதில் பயனில்லை. மதகடியில் பார்க்க வேண்டும். கணக்கும் அவ்வாறே. கூட்டுறவுச் சங்கத்துக் கணினியில் பெயரைத் திருத்திவிட்டு, சிட்டாவில் பிழையை விட்டு வைத்தால், அடுத்த முறை சிட்டாவிலிருந்து செய்தி இறங்கும்போது பழைய பிழையே திரும்பவும் வந்து அமர்ந்துவிடும். “சென்ற வருஷம் திருத்திக் கொடுத்தார்கள், இவ்வருஷம் மறுபடியும் வந்துவிட்டது” என்று சொல்பவர்களின் குறைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஆதலால், தாளில் சரியாக இருந்து கணினியில் ஏறும்போது நேர்ந்த எழுத்துப் பிழைக்கு, அத்தாளின் நகலைக் காட்டி வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுச் செய்தல் வேண்டும். யு.டி.ஆர். காலத்திலேயே பதிவேட்டில் புகுந்த பிழையாயின், பழைய பதிவேட்டு நகலுடனும் பத்திரங்களுடனும் மனுச் செய்ய வேண்டும்; அது மேல் அலுவலர்களின் விசாரணைக்குரியது. உட்பிரிவு மாற்றம் வேண்டுமாயின் நில அளவையர் நேரில் அளக்க வேண்டியிருக்கும். 1983-ஆம் ஆண்டின் பட்டாப் பாஸ் புத்தகச் சட்டப்படி, வட்டாட்சியர் ஆணையால் குறையுற்றவர் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் கோரலாம். நிலம் எவருடையது என்பதிலேயே வழக்கிருந்தால், அதனைத் தீர்க்க வேண்டியது உரிமையியல் நீதிமன்றம். ஆதாரில் பெயர்ப் பிழை இருப்பின் அதனை ஆதார் மையத்திலேயே திருத்த வேண்டும்; அதற்காகச் சரியான சிட்டாவைக் கெடுத்துக்கொள்ளுதல் கூடாது.

ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தி, அதாவது வருவாய்த் தீர்வாயம், இதற்கு நல்லதொரு வாய்ப்பு. கிராமக் கணக்குகள் அப்போது தணிக்கைக்கு வருகின்றன, மனுக்களும் பெறப்படுகின்றன. பழைய ஆவணங்களில் பசலி ஆண்டே குறிக்கப்பட்டிருக்கும். பசலியுடன் 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1390 என்பது 1980 ஜூலை 1-இல் தொடங்கியது. இதனை அறியாமல் ஓராண்டு முன்பின்னாகக் கணக்கிட்டு, வேறு பசலியின் நகல் கேட்டுத் திரும்பி வருவோர் உண்டு.

கூட்டுறவுச் சங்கங்களும் கணினியும்

நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ஒரே பொது மென்பொருளின்கீழ்க் கொண்டு வரும் திட்டத்திற்கு, 2,516 கோடி ரூபாய் மதிப்பில், மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. 1904-ஆம் ஆண்டிலேயே திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் கண்ட தமிழகத்தில், நூறாண்டுப் பேரேடுகளைக் கொண்ட சங்கங்கள் உள்ளன. அவற்றின் கணக்குகள் புதிய மென்பொருளுக்கு மாறும்போது, அசலும் வட்டியும், பங்குத் தொகையும் வைப்புத் தொகையும் தத்தமக்குரிய கட்டங்களில் விழுந்தனவா என்று பார்த்தல் அவசியம். வட்டிக் கட்டத்தில் விழ வேண்டிய தொகை அசலில் விழுந்தால், அதற்கும் வட்டி ஏறும். சங்கத்தின் மொத்தக் கணக்கு ஒத்திருக்கிறது என்று மட்டும் கண்டு அமைதி அடைதல் போதாது; இருவருடைய தொகைகள் தமக்குள் இடம் மாறியிருந்தாலும் மொத்தம் ஒத்தே இருக்கும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பாஸ் புத்தகத்தைப் புதிய கணக்கு நகலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பஞ்சாயத்துக்கள் செய்யத் தக்கவை

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு மூன்று யோசனைகள் கூற விரும்புகிறோம். முதலாவது, ஊரிலுள்ள குளம், வாய்க்கால், இட்டேரி, மந்தை, மயானம் ஆகியவற்றின் புல எண்களையும் அளவுகளையும் ‘அ’ பதிவேட்டிலிருந்து எழுதி, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வைத்தல். பொதுச் சொத்து ஏட்டில் மறைந்தால் ஊரார் கண்ணில் படும். இரண்டாவது, எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் சிலரைக் கொண்டு, கிராம சபை நாளன்று குடியானவர்களின் சிட்டாவையும் ஆதாரையும் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தல். இன்று உழவர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் வழங்கப்பட்டு, அதனுடன் அவர் நிலம் இணைக்கப்பட்டு வருகிறது. இணைத்த பின் அலைவதினும் இணைக்கு முன் பார்த்துக்கொள்வது எளிது. மூன்றாவது, இறந்தவர் பெயரில் உள்ள பட்டாக்களைக் கணக்கெடுத்து, வாரிசுகளின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுமாறு தூண்டுதல். பாட்டனார் பெயரிலேயே பட்டா இருக்க, பேரன் பெயரில் உதவி கேட்டால் எந்த மென்பொருளும் பொருத்திக் காட்டாது. இதனைக் கணினியின் குற்றமென்று சொல்லுதல் நியாயமன்று.

குடியானவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எந்தக் காகிதத்திலும் எழுத்தறிந்தார் சொல்கிறார் என்று கையொப்பமிட்டுவிட்டு வராமல், எண், அளவு, பெயர் ஆகிய மூன்றையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மனுக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். திருத்தம் ஆயிற்று என்று சொல்லப்பட்ட பின்னர், புதிய நகல் ஒன்று எடுத்து, முன்பு வரைந்த அதே கட்டத் தாளில் கடைசி வரியாக எழுதி, மேலுள்ள வரிகளோடு ஒப்பிடுங்கள். சங்கத்திலும் மற்றைய அலுவலகங்களிலும் அத்திருத்தம் போய்ச் சேர்ந்ததா என்றும் பாருங்கள். கடைசி ஏடும் காடும் ஒத்திருப்பதைக் கண்ட பிறகே வேலை முடிந்ததென்று கொள்ளலாம்.

உழவன் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தன் காட்டின் வேலியைச் சுற்றிப் பார்த்து, இடிந்த இடத்தைச் செப்பனிடுகிறான். அவ்வாறே ஆண்டுக்கு ஒரு முறை, ஜமாபந்திக்கு முன்பாக, தன் ஏட்டையும் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். அதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். அந்த ஒரு மாலையைச் செலவிடாதவர், பின்னர்ப் பல மாதங்களை அலுவலக வாயிலில் செலவிட நேரலாம். நம் பஞ்சாயத்துக்கள் முன்னின்று இவ்வழக்கத்தை ஒவ்வோர் ஊரிலும் நிலைநிறுத்துமாயின், குடியானவர்க்குக் கிடைக்க வேண்டிய உதவிகள் உரிய காலத்தில் கிடைக்கும் என்பதிலும், ஊர்ப் பொதுச் சொத்துக்கள் காக்கப்படும் என்பதிலும் ஐயமில்லை.